புரூக்ளினின் பொற்காலம் யாருடையது?



நினைவுப் பேருரையில் பேஸ்பாலுக்கு என்ன வேலை என்று இந்தத் தலைப்பை அறிந்த தோழர்கள் சிலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்மில் பலர் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை. மட்டையும் பந்தும் இருப்பதால் கிரிக்கெட்டுக்கு அது சித்தப்பா முறை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் மறைந்தவர் ஒருவரை நினைக்கக் கூடியிருக்கும் நாம் நினைவு என்பது எப்படி வேலை செய்கிறது என்றும் பேசத்தான் வேண்டும். ஒரு சமூகம் தன் பழைய நாட்களை எண்ணி ஏங்கும்போது யாரை மடியில் வைத்துக்கொள்கிறது, யாரை வாசலோடு நிறுத்துகிறது? இதைப் பார்க்க, அமெரிக்காவின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ரசிகர்களைப் போல இன்னொரு எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

புரூக்ளின் நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதி. கப்பல்துறையும் தொழிற்சாலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட இடம். இத்தாலியர், யூதர், ஐரிஷ்காரர் எனக் குடியேறிய உழைக்கும் மக்களும், தென்மாநிலங்களின் கொடுமையிலிருந்து வடக்கே வந்த கறுப்பின மக்களும் வாழ்ந்த ஊர். அங்கே 1913இல் ஈபெட்ஸ் ஃபீல்டு என்ற மைதானம் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த நிலம் குப்பை கொட்டும் மேடு. சுற்றிலும் ஏழைகளின் குடிசைகள். பன்றிப்பட்டி என்று பொருள்படும் பெயரால் அந்த இடத்தை அழைத்தார்கள். ஊரின் கழிவு கொட்டப்படும் இடத்தில் யார் குடியிருப்பார்கள் என்பதை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

டாட்ஜர்ஸ் அணி 1957ஆம் ஆண்டு பருவத்தோடு புரூக்ளினைவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டது. அணி போய் ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அதன் ரசிகர்களின் ஏக்கம் தீரவில்லை. தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், பேரப்பிள்ளைகள் புத்தகம் எழுதினார்கள். ரோஜர் கான் என்ற பத்திரிகையாளர் 1972இல் அந்த ஆட்டக்காரர்களை முதுமையில் தேடிப்போய்ப் பார்த்து எழுதிய நூல், அமெரிக்க விளையாட்டு எழுத்தில் மிக அதிகம் வாசிக்கப்பட்டவற்றில் ஒன்று.

அந்த ரசிகர்கள் எதை நினைக்கிறார்கள்? முதலில் தோல்விகளை. 1941, 1947, 1949, 1952, 1953 என ஐந்து முறை டாட்ஜர்ஸ் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டிக்குப் போனது. ஐந்து முறையும் அதே நியூயார்க்கின் பணக்கார அணியான யாங்கீஸிடம் தோற்றது. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்பது புரூக்ளின்காரர்களின் வாய்ப்பாடு ஆகிவிட்டது. தங்கள் அணியைத் தாங்களே 'உதவாக்கரைகள்' என்று செல்லமாகத் திட்டிக்கொண்டார்கள். ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு மைதானமே அதிரக் கத்துவார். சுருதி சேராத ஒரு வாத்தியக் குழு, பிடிக்காத நடுவர்களைக் கேலி செய்து வாசிக்கும். உழைக்கும் மக்களின் மைதானம் அது, அதன் அழகு அந்த இரைச்சலில் இருந்தது. இந்த ஏக்கத்தை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. கூலி வாங்கிய கையோடு மலிவு டிக்கெட் எடுத்துப்போய் மனிதர்கள் சிரித்த இடம் அது.

பிறகு 1951. ஆகஸ்டு மாதத்தில் ஜயண்ட்ஸ் அணி டாட்ஜர்ஸுக்குப் பதின்மூன்றரை ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து துரத்திவந்து சமன் செய்து, அக்டோபர் 3 அன்று தீர்மானிக்கும் ஆட்டத்தில் மோதியது. கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது டாட்ஜர்ஸ் 4-1 என முன்னிலை. ரால்ப் பிராங்கா வீசிய பந்தை பாபி தாம்சன் தடுப்புக்கு அப்பால் அடித்தார். 5-4. அந்த ஒற்றை அடியைப் பற்றிப் புரூக்ளின்காரர்கள் சாவு வீட்டுச் செய்தியைப் போலத்தான் பேசினார்கள். அரை நூற்றாண்டு கழித்து 2001இல்தான், ஜயண்ட்ஸ் அணியினர் தங்கள் மைதானத்தில் தொலைநோக்கி வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடிய செய்தி அம்பலமானது.

அதற்குப் பிறகு 1955. அக்டோபர் 4, ஏழாவது ஆட்டம், எதிரே அதே யாங்கீஸ். டாட்ஜர்ஸ் 2-0 என முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் யோகி பெர்ரா அடித்த பந்து இடது மூலைக் கோட்டை நோக்கிப் போகிறது. விழுந்தால் ஆட்டம் சமனாகிவிடும். அப்போதுதான் அந்த இடத்துக்கு மாற்றி நிறுத்தப்பட்டிருந்த சாண்டி அமோரோஸ் ஓடிவந்து கையை நீட்டிப் பிடித்தார். அவர் இடதுகைக்காரர் என்பதால் கையுறை வலது கையில் இருந்தது. வலதுகைக்காரர் நின்றிருந்தால் எட்டியிருக்காது என்று இன்றும் பேசுகிறார்கள். பிடித்த வேகத்தில் எறிந்து இன்னொருவரையும் ஆட்டமிழக்கச் செய்தார்கள். புரூக்ளினுக்குக் கிடைத்த முதல் உலகத் தொடர், கடைசியும் அதுவே.

அந்தப் பிடியை எல்லோரும் நினைக்கிறார்கள். பிடித்தவரை? அமோரோஸ் கியூபாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். கறுப்பர்களுக்கென இருந்த லீகில் நியூயார்க் கியூபன்ஸ் அணிக்காக ஆடியவர். பிற்காலத்தில் வறுமையில் விழுந்தார். ஓய்வூதியத்துக்குத் தேவையான நாட்கள் சற்றுக் குறைந்ததால் டாட்ஜர்ஸ் நிர்வாகம் 1967இல் அவரைச் சில நாட்கள் பெயரளவில் அணியில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது அந்த ஏக்கத்தின் நடுவில் இருக்கும் மனிதருக்கு வருவோம். ஜாக்கி ராபின்சன். 1919இல் ஜார்ஜியா மாநிலத்தில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1944இல் இராணுவ அதிகாரியாக இருந்தபோது பேருந்தின் பின்பக்கம் போக மறுத்ததற்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர். 1947 ஏப்ரல் 15 அன்று ஈபெட்ஸ் ஃபீல்டில் டாட்ஜர்ஸ் உடையில் இறங்கினார். மேல்நிலை லீகுகளில் கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்திராமல் இல்லை. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் டொலீடோ அணிக்கு ஆடினார். அதன் பிறகு எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று கதவை அடைத்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது, கேட்டால் 'அப்படி எந்தத் தடையும் இல்லையே' என்பார்கள். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவரும் உள்ளே வர முடியவில்லை. எழுதப்படாத சட்டத்தின் வலிமை நமக்குத் தெரியாததா?

புரூக்ளினில் கோனி தீவு என்ற கடற்கரைப் பகுதியில் உள்ள ஒரு சிறிய மைதானத்தின் வாசலில் 2005இல் ஒரு சிலை திறந்தார்கள். அணித்தலைவர் பீ வீ ரீஸ், வெள்ளையர், கென்டக்கி மாநிலத்துக்காரர், ராபின்சனின் தோளில் கைபோட்டு நிற்கிறார். கதை இதுதான்: 1947இல் சின்சினாட்டியில் கூட்டம் ராபின்சனை இனவசை பாடியது, ரீஸ் நடந்துபோய் அவர் தோளில் கைவைத்தார், கூட்டம் வாயடைத்தது. புரூக்ளின் ரசிகர்கள் மிகவும் நேசிக்கும் காட்சி இது. பள்ளிப் பிள்ளைகளின் படப்புத்தகங்களிலும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், அந்த நாளின் பத்திரிகைகளில், கறுப்பினப் பத்திரிகைகள் உட்பட, அப்படி ஒரு செய்தி இல்லை. ராபின்சன் அதைப் பற்றிச் சொன்னபோது 1948ஐயும் பாஸ்டனையும் குறிப்பிட்டார். 2016இல் வந்த கென் பர்ன்ஸின் ஆவணப்படம், 1947இல் அது நடக்கவே இல்லை என்று முடிவு கட்டுகிறது. ரீஸ் நல்ல மனிதர், ராபின்சனுக்கு எதிரான மனுவில் கையெழுத்திட மறுத்தவர், ராபின்சன் அவரை நண்பராக மதித்தார். இதில் ஐயமில்லை. நாம் கேட்பது வேறு. ராபின்சனின் பத்து ஆண்டுகால ஆட்டத்தில் எத்தனையோ காட்சிகள் உண்டு. 1955 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், 36 வயதில், பிட்சர் பந்தை வீசும்போதே ஓடிவந்து தாய்த்தளத்தைத் திருடினார். அவர் அவுட் என்று பெர்ரா சாகும்வரை சாதித்தார். சிலைக்கு அதுவே போதும். ஆனால் நேசத்துக்குரிய காட்சியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஒரு வெள்ளையரின் கை கறுப்பரின் தோளில் விழுந்த கணம். அந்தக் கதையில் ராபின்சனுக்கு நிற்பதைத் தவிர வேலை எதுவும் இல்லை.

அப்படி ஒரு கை எதற்குத் தேவைப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். அந்த எதிர்ப்பு மனுவோடு முதன்மையாகப் பேசப்படும் பெயர் டிக்ஸி வாக்கர். அன்றைய புரூக்ளின் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. 'மக்களின் தேர்வு' என்றே அவருக்குப் பட்டப்பெயர். ராபின்சனோடு ஆட விருப்பமில்லை, வேறு அணிக்கு மாற்றுங்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதினார். அந்தப் பருவம் முடிந்ததும் பிட்ஸ்பர்க்குக்கு மாற்றப்பட்டார். அதே ஏப்ரலில் பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மன் ஈபெட்ஸ் ஃபீல்டிலேயே, டாட்ஜர்ஸ் ரசிகர்களின் கண் முன்னாலேயே, கேட்கக் கூசும் வசைகளைப் பொழிந்தார். கண்டனம் எழுந்ததும் மே மாதம் இருவரையும் ஒரு படத்துக்கு நிறுத்தினார்கள். கைகுலுக்கவில்லை, இருவருமாக ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படி நிற்க நேர்ந்தது தன் வாழ்வின் கடினமான செயல்களில் ஒன்று என்று ராபின்சன் பின்னாளில் பதிவு செய்தார். ஊரில் சாதிக் கலவரம் முடிந்ததும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் சமாதானக் கூட்டத்துப் படங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கதவைத் திறந்தவர் யார் என்று கேட்டால், ரசிகர்கள் பிராஞ்ச் ரிக்கியின் பெயரைச் சொல்வார்கள். டாட்ஜர்ஸ் நிர்வாகத் தலைவர். அவருடைய துணிவை மறுக்க முடியாது. ஆனால் அவர் தட்டிய கதவை அதற்குள் பலர் பல ஆண்டுகள் இடித்திருந்தார்கள். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின இதழின் வெண்டல் ஸ்மித் வாராவாரம் எழுதினார். ராபின்சனின் பெயரை ரிக்கியிடம் பரிந்துரைத்தவரும் அவர்தான். பல மைதானங்களில் பத்திரிகையாளர் மாடத்தில் அவருக்கு இடம் கிடையாது, பார்வையாளரோடு உட்கார்ந்து தட்டச்சு செய்தார். கம்யூனிஸ்ட் நாளேடான டெய்லி வொர்க்கரின் விளையாட்டு ஆசிரியர் லெஸ்டர் ராட்னி 1936 முதல் கையெழுத்து இயக்கமும் பிரச்சாரமும் நடத்தினார். வேலையில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 1945இல் நிறைவேற்றியது. இவ்வளவும் சேர்ந்து அழுத்திய பிறகுதான் 1945 ஆகஸ்டில் ரிக்கி ராபின்சனை அழைத்துப் பேசினார். நல்ல மனம் படைத்த ஒரு முதலாளியும் பொறுமையான ஒரு கறுப்பரும் சேர்ந்து செய்த அற்புதமாக மட்டும் அது நினைக்கப்படும்போது, இயக்கம் காணாமல் போகிறது.

இன்னொரு ஏக்கம் இருக்கிறது, அது கறுப்பின ரசிகர்களுடையது. அவர்களுக்கும் 1947 திருநாள்தான். அந்த முதல் ஆட்டத்துக்கு வந்த சுமார் 26,000 பேரில் பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள் என்று மதிப்பிட்டார்கள். டாட்ஜர்ஸ் வெளியூர் போனபோது தென்மாநிலங்களிலிருந்து ரயிலேறிச் சின்சினாட்டிக்கு வந்து பார்த்தார்கள். ஆனால் அவர்களுடைய பொற்காலம் 1947இல் தொடங்கவில்லை. ரூப் ஃபாஸ்டர் 1920இல் கான்சஸ் நகரத்தில் கூட்டம் கூட்டி நீக்ரோ தேசிய லீகைத் தொடங்கினார். 'நீக்ரோ' என்பது அன்று அவர்களே ஏற்றிருந்த பெயர். அந்த லீகுகள் ஒதுக்கப்பட்டவர்களின் எச்சில் சோறு அல்ல. கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணி 1930இலேயே லாரியில் விளக்குகளை ஏற்றிப்போய் இரவு ஆட்டம் நடத்தியது. வெள்ளையர் லீகுக்கு அந்த யோசனை எட்ட இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின. மொனார்க்ஸின் பருவம் தொடங்கும் ஞாயிறுகளில் ஆட்டத்துக்கு நேரமாகிவிடும் என்று தேவாலயங்கள் ஆராதனையை ஒரு மணி நேரம் முன்கூட்டியே தொடங்கியதாகச் சொல்வார்கள். இருப்பதிலேயே நல்ல உடையை அணிந்து, தொப்பி வைத்து, குடும்பமாக மைதானத்துக்குப் போவார்கள். சிகாகோவில் ஆண்டுதோறும் நடந்த கிழக்கு-மேற்கு நட்சத்திர ஆட்டத்துக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் கறுப்பின இதழ்களின் வாசகர்கள். வாக்குச்சாவடிக்குப் போக முடியாத தென்மாநிலத்துக் கறுப்பருக்கும் இந்த ஓட்டு இருந்தது. 1943இல் அந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 50,000க்கும் மேல்.

அவர்கள் சொல்லும் கதைகளும் வேறு மாதிரி. கூல் பாப்பா பெல் விளக்கை அணைத்தால் அறை இருட்டாகும் முன்பே படுக்கையில் இருப்பார் என்று சாட்செல் பெய்ஜ் அளப்பார். பக் ஓ'நீல் சொல்லிவந்த ஒரு கதையை எங்களால் மறக்க முடியவில்லை. ராபின்சன் மொனார்க்ஸில் ஆடிய 1945இல் அணியின் பேருந்து ஓக்லஹோமாவில் வழக்கமான பெட்ரோல் பங்கில் நின்றது. ராபின்சன் கழிப்பறைக்கு நடந்தார். 'அங்கே போகக்கூடாது' என்றார் பங்குக்காரர். அப்படியானால் குழாயை எடு, வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறோம் என்றார் ராபின்சன். பெரிய பேருந்து, இரண்டு தொட்டி எண்ணெய். பங்குக்காரர் யோசித்தார், வழிவிட்டார். அதன் பிறகு கழிப்பறை இல்லாத இடத்தில் எண்ணெய் போடுவதில்லை என்று அணி முடிவெடுத்ததாம். நாமும் ஒரு சிலை வைப்பதென்றால் இந்தக் காட்சியைத்தான் கேட்போம்.

அந்த உலகம் 1947க்குப் பின் சரிந்தது. ரிக்கி, மொனார்க்ஸிடமிருந்து ராபின்சனையும் நூவர்க் ஈகிள்ஸிடமிருந்து டான் நியூகோம்பையும் எடுத்துக்கொண்டபோது அந்த அணிகளுக்கு ஒரு காசும் தரவில்லை. அவற்றை முறையான லீகாகவே அவர் ஏற்கவில்லை. ஈகிள்ஸை நடத்திய எஃபா மேன்லி என்ற பெண்மணி வெளிப்படையாகக் குரல் எழுப்பினார். 1946இல் அவருடைய அணி மொனார்க்ஸை வென்று கறுப்பின உலகத் தொடரைக் கைப்பற்றியிருந்தது. மறு ஆண்டே பார்வையாளர் பாதிக்கும் கீழே போனார்கள். எல்லோரும் ராபின்சனைப் பார்க்கப் போய்விட்டார்கள். லாரி டோபியைக் கிளீவ்லாந்து அணி எடுத்தபோது மட்டும் அவர் பேசி 15,000 டாலர் பெற்றார். 1948 முடிவில் நீக்ரோ தேசிய லீக் கலைந்தது, ஈகிள்ஸ் விற்கப்பட்டது. அணி உரிமையாளர், மேலாளர், பயிற்சியாளர், நடுவர், கணக்கர், பேருந்து ஓட்டுநர் என அங்கே கறுப்பினத்தவர் செய்த வேலைகளில் ஆட்டக்காரர் என்ற ஒன்றுக்கு மட்டுமே புதிய வீட்டில் இடம் கிடைத்தது. அதுவும் ஒரு சிலருக்கு. பாஸ்டன் அணி 1959 வரை ஒருவரையும் சேர்க்கவில்லை. சேர்ந்து ஆடியது வெற்றிதான், அதை வேண்டாம் என்று எந்தக் கறுப்பின ரசிகரும் சொன்னதில்லை. ஆனால் தாங்களே கட்டிய ஒன்றை விலையாகக் கொடுத்த வெற்றி அது. தனி அமைப்பா, பொது அமைப்பில் பங்கா என்று நாம் நடத்தும் விவாதங்களில் இந்தக் கணக்கையும் மேசையில் வைக்க வேண்டும்.

ஜோஷ் கிப்சன் என்ற பேராட்டக்காரர் ராபின்சனின் முதல் ஆட்டத்துக்கு மூன்று மாதங்கள்கூட இல்லாதபோது, 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் இறந்தார். 1975 வரை அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை. பழைய ரசிகர்கள் அவரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் வெள்ளைப் பத்திரிகையாளர்கள் தாத்தாக்களின் கட்டுக்கதை என்றார்கள். புள்ளிவிவரம் எங்கே என்றார்கள். புள்ளிவிவரத்தை வைத்திருக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கறுப்பின இதழ்களின் பழைய பக்கங்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஒவ்வொன்றாகப் புரட்டி ஆட்டக் கணக்குகளை மீட்டார்கள். 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீகுகளும் மேல்நிலை லீகுகளே என்று அறிவித்தது. 2024 மே மாதம் கணக்குகளைச் சேர்த்தபோது, வாழ்நாள் அடி விகிதத்தில் முதலிடம் கிப்சனுக்கு வந்தது. ஆயிரத்துக்கு 372. நூறாண்டு நெருங்க முதலிடத்தில் இருந்த டை காப், 367உடன் கீழே இறங்கினார். கட்டுக்கதை என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்கள் என்று தெரியவில்லை!

அங்கீகாரத்துக்கும் ஒரு படிநிலை உண்டு. பேஸ்பாலின் புகழ்மண்டபம் 1971இல் சாட்செல் பெய்ஜைச் சேர்க்க முன்வந்தபோது, நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்குத் தனிப்பகுதி என்றுதான் முதலில் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே முழு உறுப்பினர் என்றது. தேநீர்க்கடையின் தனிக் குவளை நம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை.

அந்தக் குவளையை நாம் உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. நம் நாட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலூ, சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரித்துக்கொண்டே அவர்களுக்குப் பந்துவீசிக் கற்றவர். வெள்ளையரை வெல்ல அவர் தேவைப்பட்டதால் இந்து அணி சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே, தூக்கி எறியும் மண்குவளையில் கொடுத்தார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த அவர் கடைசிவரை அணித்தலைவர் ஆக்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அது கிடைத்தது. பாலூவின் அரசியலோடு நமக்குக் கணக்கு உண்டு. 1937 தேர்தலில் பாபாசாகேப் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர் அவர். அதைச் சொல்லிக்கொண்டே அவர் பந்தையும் நாம் நினைக்க வேண்டும். கிப்சனுக்கு நடந்தது போன்ற பழைய பத்திரிகைத் தேடல் பாலூவின் காலத்து ஆட்டங்களுக்கும் நடக்க வேண்டும். மாணவத் தோழர்களுக்கு இது ஒரு வேலை. அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்கு அளித்த மனுவைக் கேட்டார். ராபின்சன் மான்ட்ரியால் அணியில் முதல் ஆண்டு ஆடிக்கொண்டிருந்த காலம் அது. இரு பக்கமும் கேட்டது காகிதத்தில் பதிவான சான்றைத்தான்.

ராபின்சன் தம் பொற்காலத்தைப் பற்றி ரசிகர்களைப் போல ஏங்கியதில்லை. 1949இல் பால் ராப்சனுக்கு எதிராக நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்ல அவரை அழைத்தார்கள். சொன்னார். பின்னாளில் அந்த அழைப்பை ஏற்றது குறித்து வருந்தி எழுதினார். 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் நிர்வாகம் அவரை எதிரி அணியான ஜயண்ட்ஸுக்கு விற்றது. போகாமல் ஓய்வு பெற்றார். 1972 அக்டோபர் 15, உலகத் தொடர் மைதானத்தில் அவருக்குப் பாராட்டு. சர்க்கரை நோயால் பார்வை மங்கிய நிலையில் ஒலிவாங்கி முன் நின்றார். நன்றி சொன்னார். ஆனால் மேலாளர் நிற்கும் இடத்தில் ஒரு கறுப்பு முகத்தைப் பார்க்கும் நாளில்தான் இன்னும் மகிழ்வேன் என்றும் சொன்னார். ஒன்பது நாட்கள் கழித்து, 53 வயதில், இறந்தார். முதல் கறுப்பின மேலாளர் 1975இல்தான் வந்தார்.

புரூக்ளின் ரசிகர்களின் தீராத புண் 1957. முதலாளி வால்டர் ஓ'மாலி அணியைக் கடத்திப்போனார், எங்களைக் கைவிட்டார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. லாபத்துக்காகப் போனார் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1947இல் 18 லட்சத்தைத் தொட்ட பார்வையாளர் எண்ணிக்கை, அணி உலகத் தொடரை வென்ற 1955இலேயே 10 லட்சமாகச் சுருங்கியிருந்தது. வெள்ளையர் குடும்பங்கள் லாங் ஐலண்டின் புறநகர்களுக்கு வீடு வாங்கிக் குடிபோய்க்கொண்டிருந்தன. அவற்றுள் லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகள் கறுப்பினத்தவருக்கு வீடு தருவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருந்தன. அணிக்கு முன்னால் புரூக்ளினைவிட்டுப் போனவர்கள் அதன் ரசிகர்களில் ஒரு பெரும்பகுதியினர். 1957 செப்டம்பர் 24 அன்று ஈபெட்ஸ் ஃபீல்டின் கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 6,702 பேர்.

அணி போய்ச் சேர்ந்த இடத்திலும் நிலம் வெறுமையாக இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸின் சாவேஸ் ரவைன் என்ற பள்ளத்தாக்கில் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்களின் மூன்று குடியிருப்புகள் இருந்தன. ஏழைகளுக்கு அரசு வீடு கட்டித்தருகிறோம் என்று சொல்லி அவர்களை வெளியேற்றினார்கள். வீட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்கள். நிலம் டாட்ஜர்ஸ் மைதானத்துக்குப் போனது. எஞ்சியிருந்த குடும்பத்தை 1959 மே மாதம் காவலர்கள் வீட்டிலிருந்து தூக்கி வெளியே போட்டார்கள், படம் பத்திரிகைகளில் வந்தது. அந்த மக்களுக்கும் ஓர் ஏக்கம் இருக்கிறது, அது ஆட்டத்தைப் பற்றியதல்ல.

ஈபெட்ஸ் ஃபீல்டை 1960இல் இடித்தார்கள். இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் பந்தைப் போல வண்ணம் பூசியிருந்தார்கள். அங்கே எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் 1962 முதல் மக்கள் வாழ்கிறார்கள். காலப்போக்கில் அவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின உழைக்கும் குடும்பங்கள் ஆனார்கள். பழைய மைதானத்தைத் தேடிவரும் வெள்ளையின முதியவர்கள் சுவரில் பதித்த நினைவுக் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் குடியிருப்பின் சுவரில் பிள்ளைகளுக்காக இன்னொரு பலகையும் இருந்தது: 'இங்கே பந்து விளையாடக் கூடாது.'